நீரிழிவும் உடல் எடையும்: சில தவறான எண்ணங்கள்

(சங்கரன்கோவில் ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே நாம் இங்குப் பெரும்பாலும் பேசி வருகிறோம். இன்று நீரிழிவைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். உழைக்கும் உடலே கிராமத்தின் முதல் உடைமையாதலால், இதுவும் கிராம வளர்ச்சியைச் சேர்ந்த பொருளேயாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. தமிழ்நாட்டில் வயது வந்தோர் 100 பேரில் 14 பேருக்கு இந்நோய் உண்டு.

எடை மிகுந்தவர் எடையைக் குறைத்தால் சர்க்கரை கட்டுப்படும் என்பது உண்மை. ஆயினும், அந்த உண்மையைச் சுற்றிப் பல தவறான எண்ணங்கள் வளர்ந்துள்ளன. அவை உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

முதலாவது, “உடம்பு தானாக இளைக்கிறது, சர்க்கரை குறைகிறது” என்று மகிழ்வது. குளம் நிறைந்திருந்தும் மடை திறவாவிடில் வயல் காய்ந்து போகும் அல்லவா? இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும், இன்சுலின் என்னும் சுரப்பு மடையைத் திறவாவிடில், உடலின் தசைகளுக்கு அது சென்று சேராது. அப்போது உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து உயிர் வாழ்கிறது. சர்க்கரையோ சிறுநீரில் வீணாகிறது. ஆகவே, முயலாமல் எடை குறைவது நோய் முற்றுவதன் அறிகுறி. நீரிழிவு உடையவரைக் காசநோய் எளிதில் பற்றும். அதுவும் உடலை மெலிவிக்கும். இத்தகையோர் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். “இன்சுலின் போட்டால் உடல் பெருத்துவிடும்” என்று அஞ்சி ஊசியை நிறுத்துவது பெருந்தவறு.

இரண்டாவது, பட்டினி கிடந்தால் நோய் தீரும் என்பது. இன்சுலினோ, சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு உணவை விட்டால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். நம் ஊரில் ஆடித்தபசுக் காலத்தில் விரதமிருந்து ஆடிச்சுற்றுச் சுற்றுவோர் இதை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் தோன்றினால் உடனே சர்க்கரை கரைத்த நீரைப் பருகவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விரதம் இருக்க விரும்புவோர், மருந்தின் அளவை மாற்றுவது பற்றி முன்னதாகவே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

மூன்றாவது, சோற்றை விட்டுவிட்டால் வேறு எதையும் எவ்வளவும் உண்ணலாம் என்பது. அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு ஆகிய எதுவாயினும் 100 கிராமில் ஏறக்குறைய 320 முதல் 360 கலோரி வரை இருக்கிறது. சிறுதானியத்தில் நார்ச்சத்து மிகுதி என்பது நன்மையே. ஆயினும், இரண்டு உருண்டை களி உண்ண வேண்டிய இடத்தில் நான்கு உருண்டை உண்டால் அந்த நன்மை மறைந்துவிடும். கருப்பட்டியும் தேனும் சர்க்கரையே. அவற்றுக்கு விலக்கு இல்லை. உண்கலத்தில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன் என வைத்துக்கொள்வது எளிய முறை.

நான்காவது, “நான் ஒல்லி, வயலில் உழைப்பவன், எனக்கு வராது” என்பது. நம் நாட்டவருக்கு எடை குறைவாயிருந்தும் வயிற்றில் கொழுப்பு சேர்வது உண்டு. இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் மிகாதிருத்தல் வேண்டும். மேலும், ஏரும் ஏற்றமும் போய், டிராக்டரும் பம்பு செட்டும் வந்தபின் நம் உழைப்பு குறைந்துவிட்டது. தறிக்கூடத்தில் நாள் முழுதும் நிற்பதும் நடைப்பயிற்சி ஆகாது.

ஐந்தாவது, எடை குறையாவிடில் முயற்சி வீண் என்பது. நீரிழிவின் எல்லையை நெருங்கியிருந்த 531 பேரைக் கொண்டு நம் நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியாயிற்று. உணவை ஒழுங்குபடுத்தி நாள்தோறும் நடந்தவர்களிடையே, புதிதாக நீரிழிவு தோன்றுவது கால் பங்குக்கு மேல் குறைந்தது. அவர்களது சராசரி எடையோ பெரிதும் மாறவில்லை. எனவே, தராசு முள் அசையவில்லை என்று மனம் தளர வேண்டா. எடை குறைந்தவரும் தாமாக மருந்தை நிறுத்தலாகாது. நோய் தணிந்தவர்க்கும் அது மீண்டும் வரக்கூடுமாதலால், பரிசோதனையைத் தொடர வேண்டும்.

இனி, ஊராட்சி செய்யக்கூடியது யாது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து மாத்திரை தருகின்றனர். அவர்கள் வரும் நாளை ஒவ்வொரு தெருவுக்கும் அறிவியுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் ஓர் எடைக்கருவியும் ஓர் அளவு நாடாவும் வையுங்கள். கிராமசபை கூடும் நாள்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து 30 வயது கடந்தோருக்கு இரத்தப் பரிசோதனை நடத்தச் செய்யுங்கள். கண்மாயின் கரையைக் காப்பது போலவே ஊராரின் உடல்நலத்தைக் காப்பதும் நம் கடமை எனக் கூறி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.