துகளா, அலையா?



ஒரு பொருளே துகளாகவும் அலையாகவும் இருத்தல் கூடுமோ? துகள் ஓரிடத்தில் நிற்பது. அலை பல இடத்தும் பரவுவது. ஒன்றற்குரிய இயல்பு மற்றொன்றற்கு இல்லை. ஆயினும் அறிவியலார் இரண்டையும் ஒரு பொருள்மேல் ஏற்றிக் கூறுகின்றனர். அவ்வாறு கூற நேர்ந்த வரலாற்றைக் காண்போம்.

1897ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜே.ஜே. தாம்சன், அணுவினும் சிறிய எலக்ட்ரானைக் கண்டறிந்தார். அது நிறையும் மின்னேற்றமும் உடைய துகள் எனக் காட்டினார். 1906இல் நோபல் பரிசும் பெற்றார்.

அலையென்று கருதப்பட்ட ஒளி, துகள்போலவும் நடக்கும் என 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அங்ஙனமாயின் துகளும் அலைபோல் நடக்கவேண்டுமன்றோ என 1924இல் பிரான்சு நாட்டு லூயி டி பிராய் உரைத்தார். 1927இல் மிக மெல்லிய தகட்டினூடே எலக்ட்ரான்களைச் செலுத்தி, அப்பால் அலைக்கேயுரிய வளையங்கள் தோன்றக் கண்டவர் ஜி.பி. தாம்சன். இவர் யார்? முன்னவரின் மைந்தர்! 1937இல் அமெரிக்க அறிஞர் டேவிசனோடு இவரும் நோபல் பரிசு பெற்றார். அதனைக் காணத் தந்தையாரும் உயிரோடிருந்தார். தந்தை கண்டது துகள். மைந்தர் கண்டது அலை. இருவர் கண்டதும் மெய்யே.

1989இல் ஜப்பானிய அறிஞர் தோனோமுராவும் அவர்தம் குழுவினரும் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக, இரு வழியுள்ள கருவியில் செலுத்தினர். ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாகவே விழுந்தது. பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்தபின்னோ, வரிவரியாக அலைக்கோலம் புலனாயிற்று! எலக்ட்ரான் எவ்வழியே சென்றது என அறியக் கருவி அமைப்பின், அக்கோலம் மறைந்துவிடும்.

இதனால் உலகில் எதுவும் உறுதியில்லை என மயங்கற்க. ஓர் எலக்ட்ரான் எங்கே விழும் எனக் கூற இயலாது. எங்கே மிகுதியாக விழும், எங்கே அரிதாக விழும் என்பதைக் கணிதம் வழுவாது கூறும்.

அலை என்பது நீரைக் கண்டு முன்னோர் இட்ட பெயர். துகள் என்பது மண்ணைக் கண்டு இட்ட பெயர். எலக்ட்ரானோ அவர்தம் கண்ணுக்கு எட்டாதது. ஆதலின் நம் சொற்களுள் ஒன்றிலேயே அது முழுதும் அடங்கவேண்டும் என எதிர்பார்த்தல் முறையன்று. மாணவர்களே, சொல் முரண்படும்போது சோதனையை நோக்குங்கள். அது காட்டுவதை ஏற்றுக்கொள்ளும் துணிவு பெறுங்கள்.