சுவான்சௌ நகரில் ஒரு நாள்



சீன தேசத்தின் தென்கிழக்குக் கரையிலே, ஃபூஜியன் மாகாணத்தில், தைவான் ஜலசந்தியை நோக்கி அமைந்திருக்கும் சுவான்சௌ என்னும் துறைமுக நகரத்தை, வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோவும் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதாவும் ஜைத்தூன் என்ற பெயரால் அறிந்து, உலகத்துப் பெருந்துறைகளின் வரிசையில் முன்னே வைத்துப் புகழ்ந்திருக்கிறார்கள். கடல் வாணிபத்தை மேற்பார்க்கவும் சுங்கம் தண்டவும் சோங் அரசு 1087-இல் இங்கே ஓர் அலுவலகத்தை நிறுவிற்று. அதன்பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக்காலம், அரபியரும் பாரசீகரும் தமிழ் வணிகரும் பருவக்காற்றை நம்பிப் பாய்விரித்து வந்து, காற்று திரும்பும் வரையில் இங்கே தங்கி, தங்கியவர்களில் சிலர் இங்கேயே மண்ணாகியும் போனார்கள். அந்தப் பழங்கீர்த்திக்குச் சான்றாக எஞ்சியிருக்கும் 22 இடங்களை ஒன்றாகத் திரட்டி, 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இந்த 22 இடங்களும் ஒரு கோட்டைக்குள் அடங்கியவை அல்ல. மலைச்சாரலிலும், ஆற்று முகத்துவாரத்திலும், கடைத்தெருவின் நடுவிலும், வயலோரத்துக் கிராமங்களிலுமாக அவை சிதறிக் கிடக்கின்றன. ஆகையால், ஒரே ஒரு பகலை மட்டும் இந்நகரத்துக்கு ஒதுக்கி வருகிற ஒருவருக்கு, ஊரறிந்த ஒரு வழிகாட்டியைத் தமக்கென்று பிரத்தியேகமாக அமர்த்திக்கொண்டு பார்ப்பதே உசிதமான முறை என்பது என் துணிபு. கூட்டத்தோடு பேருந்தில் வருவோருக்கு எந்த இடத்தில் எத்தனை நேரம் என்பதைப் பிறர் தீர்மானித்துவிடுகிறார்கள். தனி வழிகாட்டியோடு நடப்பவருக்கோ ஒரு தூணின் முன்னே அரைமணி நேரம் நிற்கும் சுதந்திரம் உண்டு. அதைவிடப் பெரிதான நன்மை ஒன்றும் இருக்கிறது. அதைச் சற்றுப் பின்னால் சொல்லுகிறேன்.

ஏற்பாடுகள் எளியவைதாம். அரசாங்க உரிமம் பெற்ற வழிகாட்டியா என்பதையும், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவாரா என்பதையும், வண்டி, நுழைவுக் கட்டணம், மதிய உணவு இவற்றுள் எவை பேசிய தொகைக்குள் அடங்கும் என்பதையும் முன்கூட்டியே கடிதவழி கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கடைகளுக்கு அழைத்துப்போக வேண்டியதில்லை என்பதையும், சைவ உணவினராயின் அதையும், தயக்கமின்றி எழுதிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் எதைக் காண விரும்பி வருகிறோம் என்பதை விஸ்தாரமாக எழுதி அனுப்புவது நல்லது. தம் ஊரைப் பற்றி ஒருவர் அக்கறையோடு கேட்கிறார் என்று அறிந்த வழிகாட்டி, தாமும் நாலு புத்தகத்தைப் புரட்டிவிட்டே வருவார். எனக்கு வாய்த்தவர் அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்த ஓர் இளம் பெண்மணி. காலையில் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, நகரத்துக்குள் நுழையுமுன் லோயாங் பாலத்துக்கே முதலில் போய்விட வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதன் காரணம், அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

ஆறு கடலோடு கலக்கும் அகன்ற முகத்துவாரத்தில், 1053-இல் தொடங்கி 1059-இல் முடிக்கப்பட்ட கற்பாலம் அது. இன்றும் 700 மீட்டருக்கு மேற்பட்ட நீளத்தோடு நிற்கிறது. நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல்நீரும், மழைக்காலத்து ஆற்று வெள்ளமும் மோதிக்கொள்ளும் அவ்விடத்தில், சேற்றுத் தரையில் தூண்களை நிறுத்துவது அக்காலத்துச் சிற்பிகளுக்கு எத்துணைச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்! அவர்கள் முதலில் பாலம் போகும் வழி நெடுகிலும் ஆற்றின் அடியில் பாறைகளைக் கொட்டி ஓர் அகன்ற கல்மேடையை உண்டாக்கினார்கள். அதன்மேல், இருபுறத்து நீரையும் கிழித்து வழிவிடுமாறு, படகின் முனையைப் போலக் கூராக்கிய தாங்குதூண்களை எழுப்பினார்கள். நீண்ட கற்பாளங்களைத் தெப்பத்தில் ஏற்றி, கடல் ஏறும் வேளையில் தூண்களுக்கிடையே கொண்டுவந்து நிறுத்தி, நீர் வடியும்போது அவை தாமே தத்தம் இருக்கையில் அமரும்படி செய்தார்கள். இவற்றையெல்லாம் விஞ்சிய யுக்தி ஒன்று உண்டு. கற்களைப் பிணைக்கச் சுண்ணச்சாந்து அந்த உப்புநீரில் நிலைக்காது என்று கண்டு, தூண்களின் அடியிலே சிப்பிகளை வளரவிட்டார்கள். கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பெருகும் அந்தச் சிறு ஜீவன்களின் ஓடுகளே பாறைகளை ஒன்றோடொன்று இறுகப் பிணைத்தன. நீர் வற்றிய வேளையில் பாலத்தின் பக்கவாட்டில் இறங்கி நின்றால், தூண்களின் அடி முழுவதும் வெள்ளை வெளேரென்று அந்த ஓடுகள் அப்பியிருப்பதைக் கண்ணாரக் காணலாம். நீர் ஏறிய பின் வருவோருக்கு அந்தக் காட்சி கிட்டாது.

பாலத்தைக் கட்டி முடித்தவர் அந்நகரத்து ஆளுநர் சாய் சியாங். அவர் தேயிலையைப் பற்றியும் லிச்சிப் பழத்தைப் பற்றியும் நூல்கள் எழுதியவர். சோங் காலத்துச் சிறந்த எழுத்துக்கலைஞர்களில் ஒருவர். பாலம் கட்டிய வரலாற்றை 153 சீன எழுத்துகளில் சுருக்கி அவர் தம் கையால் எழுதிய சாசனம், பாலத்தின் தென்கரையில் அவருக்கென்று எடுத்த கோயிலில் இருக்கிறது. பாலத்தின் நீளம், அகலம், ஆன செலவு, உழைத்தவர் பெயர் இவற்றைச் சொல்லி முடித்துவிடுகிற அந்த அடக்கத்தை என் வழிகாட்டி வரிவரியாகப் படித்துக் காட்டினார். இத்தகைய இடங்களில்தான், உடன் நின்று படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

நகரத்துக்குள் வந்தால், தூமென் தெருவில் சிங்ஜிங் பள்ளிவாசல் நிற்கிறது. 1009-இல் தோன்றி 1310-இல் புதுப்பிக்கப்பட்டது. உயர்ந்த கருங்கல் நுழைவாயிலும், அரபு எழுத்துகள் பொறித்த சுவர்களும் இருக்கின்றன. தொழுகைக்கூடத்தின் கூரை மட்டும் இல்லை. அதற்குச் சில அடி தூரத்திலேயே குவான் யூ என்னும் வீரதெய்வத்தின் கோயிலில் ஊதுபத்திப் புகை எந்நேரமும் எழுந்துகொண்டிருக்கிறது.

கையுவான் கோயிலுக்குத்தான் நீங்கள் உங்கள் பகலின் பெரும்பகுதியை வைத்துக்கொள்ள வேண்டும். 686-இல் நிறுவப்பட்ட பௌத்த ஆலயம் அது. அதன் கிழக்கிலும் மேற்கிலுமாக நிற்கும் இரண்டு ஸ்தூபிகளும் 13-ஆம் நூற்றாண்டில் முழுக்க முழுக்கக் கல்லால் எழுப்பப்பட்டவை. எட்டுப் பட்டை, ஐந்து நிலை. கிழக்கேயுள்ளது 48 மீட்டர் உயரம், மேற்கேயுள்ளது 44 மீட்டர். 1604-ஆம் ஆண்டில் இக்கரையை உலுக்கிய பெரும் பூகம்பத்தையும் தாங்கி அவை நின்றன. மேலை ஸ்தூபியில், வாளேந்திய குரங்கு முகத்து வீரன் ஒருவனுடைய உருவம் இருக்கிறது. சுன் வூகோங் என்னும் வானரனைப் பற்றி இன்று உலகம் அறிந்திருக்கிற பெருங்கதை அச்சேறியது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில். இந்தச் சிற்பமோ அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது.

கூட்டமாக வருகிறவர்கள் ஸ்தூபிகளைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவதை நான் அங்கே கண்டேன். பிரதான மண்டபத்தின் முன்னுள்ள மேடையின் அடித்தளத்தைக் குனிந்து பார்த்தால், மனித முகமும் சிங்க உடலும் கொண்ட உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும். மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறத் தாழ்வாரத்துக்குச் சென்றால், நம் கோயில் மண்டபத்துத் தூண்களின் சாயலில், பதினாறு பட்டையும் இடையிடையே சதுரங்களுமாகக் கடைந்தெடுத்த இரண்டு கருநிறக் கற்றூண்கள் நிற்கும். அந்தச் சதுரங்களில் நரசிங்கமூர்த்தி இரணியனைக் கிழிக்கிறார். முதலையிடம் அகப்பட்ட கஜேந்திரன் இருக்கிறான். இரட்டை மருதமரங்களுக்கு நடுவே கண்ணன் இருக்கிறான். யுவான் வம்சத்தார் ஆண்ட காலத்தில் இந்நகரில் இருந்த ஓர் இந்துக் கோயிலின் உறுப்புகள் இவை. அக்கோயில் அழிந்தபின், மிங் காலத்தில் பௌத்த மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள், இந்தத் தூண்களின் அழகை மதித்துத் தங்கள் கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள்.

நான் முன்னே சொன்ன பெரிய நன்மை இங்கேதான் எனக்குப் புலப்பட்டது. அந்தத் தூண்கள் எப்போது வந்தன, எங்கிருந்து வந்தன என்பதையெல்லாம் அந்தப் பெண்மணி அறிந்திருந்தார். அவற்றில் நிற்பவர்கள் யார், என்ன செய்கிறார்கள் என்பதை நான் அறிந்திருந்தேன். வெண்ணெய் திருடிய பிள்ளையை யசோதை உரலோடு கட்டிய கதையையும், அவன் உரலை இழுத்துக்கொண்டே தவழ்ந்து போக, மரங்கள் முறிந்து, சாபம் பெற்றிருந்த இருவர் அவற்றினின்று விடுதலை பெற்று எழுந்ததையும் நான் சொல்லச் சொல்ல, அவர் தம் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டே, “அந்தத் தாய் பிறகு பிள்ளையை அவிழ்த்துவிட்டாளா?” என்று கேட்டார். பல நூற்றாண்டு வரலாற்றில் ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டிருந்த இருவர், அந்தத் தாழ்வாரத்தில் நின்று அதைப் பரிமாறிக்கொண்டோம். தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் இப்படிப்பட்ட சம்பாஷணைக்குத்தான் என்று நான் கருதுகிறேன். ஆகவே அங்கே போகும் தமிழர்கள், கேட்கும் காதோடு, சொல்லும் விஷயத்தையும் கொண்டு போகவேண்டும்.

கோயில் வளாகத்துக்குள்ளேயே ஒரு கூடத்தில், 1974-இல் ஹௌசூ துறையின் சேற்றிலிருந்து அகழ்ந்தெடுத்த சோங் காலத்து மரக்கலம் ஒன்று கிடக்கிறது. எஞ்சிய பகுதி மட்டுமே 24 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் இருக்கும். உட்புறம் 13 அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பதால், ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை கப்பலைத் தாங்கும். அதற்குள் கிடைத்த சரக்குகளின் பெயரைக் கேளுங்கள்: வாசனைக் கட்டைகள், சாம்பிராணி, மிளகு, கொட்டைப்பாக்கு, சோழி, ஆமை ஓடு, உடைமையாளர் பெயர் எழுதிய மரச்சீட்டுகளும் கூட. தென்கடல் தேசங்களிலிருந்து திரும்பி வந்து, தன் சொந்தத் துறையிலேயே அது அமிழ்ந்து போயிற்று.

பிற்பகலில் கடல்வழித் தொடர்பு அருங்காட்சியகம். இதன் கற்களைப் பற்றிப் பேசும்போது வூ வென்லியாங் என்னும் பள்ளி ஆசிரியரை நன்றியோடு நினைக்க வேண்டும். பழைய நகரமதில் இடிபட்டபோது, அதன் அஸ்திவாரத்திலிருந்து அரபுக் கல்லறைக் கற்களும், சிலுவை பொறித்த கற்களும், இந்து தெய்வச் சிற்பங்களும் வெளிப்பட்டன. வெறும் கட்டடக் கல்லாகப் போகவிருந்த அவற்றை, வசதி மிகுதியில்லாத அந்த மனிதர் தேடித்தேடிச் சேர்த்து, பின்னர் அரசுக்கு அளித்து, 1957-இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார். அருங்காட்சியகம் தோன்றியது அதற்கு இரண்டாண்டு கழித்து. அங்குள்ள ஒரு பலகைச் சிற்பத்தில் யானை ஒன்று சிவலிங்கத்துக்குத் துதிக்கையால் மலர் சாத்துகிறது; இன்னொன்றில் பசு லிங்கத்தின்மேல் பால் சொரிகிறது. திருவானைக்காவின் கதையைக் கேட்டு வளர்ந்த யாரும் அந்த யானையின்முன் சிறிது நேரம் நிற்காமல் போகமாட்டார்கள்.

இந்நகரில் 1956-இல் கிடைத்த கல்வெட்டு ஒன்று தமிழிலேயே இருக்கிறது. அதன் இறுதியில் சீன எழுத்திலும் ஒரு வரி உண்டு. சகாப்தம் 1203, சித்திரை மாதம், அதாவது 1281-ஆம் ஆண்டு. குப்லாய் கான் அரியணையில் இருந்த காலம். செகசைகான் என்று குறிக்கப்படும் அரசனுடைய திருமேனி நலத்துக்காக, அவனுடைய ஆணையின்படி, தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீசுவரம் என்னும் சிவாலயத்தில் இறைவனை எழுந்தருளுவித்த செய்தியை அது கூறுகிறது. அந்நிய மண்ணில் கோயில் எடுத்தவர் தம் குலத்தின் நலத்தை வேண்டாமல், தமக்கு இடம் தந்த மன்னனின் நலத்தை வேண்டிக் கல்லில் வெட்டியிருக்கிறார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பின்னாளில், 1357 முதல் 1366 வரையில் இந்நகரத்தைக் கலக்கிய உள்நாட்டுப் போர் வெளிநாட்டு வணிகரின் வாழ்வைக் குலைத்தது. மிங் அரசு கடல் வாணிபத்துக்கு விதித்த தடை மிஞ்சியதையும் முடித்தது.

பொழுது இருந்தால், நகருக்கு வெளியே சிதியன் கிராமத்துக்கு வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். அங்குள்ள ஒரு சிறிய கோயிலில், நான்கு கரங்களோடு அமர்ந்த ஒரு தேவியின் பழைய இந்துச் சிற்பத்தைக் கிராமத்தார் குவான்யின் என்னும் கருணைத் தெய்வமாகவே பாவித்து, பழமும் ஊதுபத்தியும் வைத்து இன்றும் வழிபட்டு வருகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எந்தச் சிற்பத்தைக் காட்டிலும் இந்த அம்மைக்கு நல்ல கதி வாய்த்திருக்கிறது என்பது என் எண்ணம். உள்ளே படம் பிடிக்கலாமா என்பதை மட்டும் வழிகாட்டி வாயிலாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவில், நான்யின் என்னும் பழஞ்சங்கீதம் நடக்குமிடம் ஏதேனும் உண்டா என்றும் அவரையே விசாரிக்கலாம். வீணையைப் போல மடியில் கிடத்தி மீட்டும் பீப்பா வாத்தியமும், செங்குத்தாகப் பிடித்து ஊதும் மூங்கில் குழலும், மிக நிதானமான பாட்டும் சேர்ந்தது அது. பக்கத்து ஆன்ஷி மலைத் தேநீரைச் சிறு கிண்ணங்களில் பருகிக்கொண்டே கேட்கலாம்.

ஒரு விவரத்தை மறந்துவிடாதீர்கள். அந்தத் தமிழ்க் கல்வெட்டின் மூலக்கல் சுவான்சௌவில் இல்லை. ஷியாமென் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலர் ஷியாமென் வழியாக விமானம் ஏறுகிறார்கள். அதிவேக ரயிலில் அது அருகிலுள்ள ஊர்தான். ஆகையால், திரும்பும் நாளில் அரைப்பொழுதை அதற்கென்று மீத்து வைத்து, கூடம் திறந்திருக்குமா, வெளியாருக்கு அனுமதி உண்டா என்பதை, உங்கள் வழிகாட்டி ஊரைவிட்டுப் பிரியுமுன்பே அவரைத் தொலைபேசியில் கேட்கச் சொல்லிவிடுங்கள்.