ஐதரசனும் அச்சமும்



1937ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் மாலை, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து லேக்கேர்ஸ்ற் என்னுமிடத்தில் தரையிறங்க வந்த 'இன்டன்பேக்' என்ற ஜெர்மானிய ஆகாயக் கப்பல், ஒரு நிமிடத்துக்குள் எரிந்து வீழ்ந்தது. அதிலிருந்த 97 பேரில் 35 பேரும் தரையில் நின்ற ஊழியர் ஒருவரும் மாண்டனர். ஏனைய 62 பேர் உயிர் தப்பினர் என்பதைப் பலர் அறியார். அக்கப்பலை மிதக்கச் செய்த வாயு ஐதரசன். அந்தச் சலனப்படம் உலகெங்கும் காட்டப்பட்டமையால், ஐதரசன் என்றதும் நெருப்பை நினைக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.

அவ்வச்சம் முற்றும் வீணன்று. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை எவ்வளவு கலந்திருப்பினும் இவ்வாயு தீப்பற்றும். பெற்றோல் ஆவியை மூட்டும் சக்தியில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கே இதற்குப் போதும். மணமில்லை, நிறமில்லை, பகலொளியில் அதன் சுவாலையும் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. ஆயினும் அது காற்றைவிட 14 மடங்கு இலேசானது. திறந்த வெளியில் விரைந்து மேலெழுந்து கலைந்துவிடும். இக்குணங்களுள் எது மேலோங்கும் என்பது வாதத்தால் முடிவாகும் வினாவன்று.

மயாமிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் சுவெயின் அதனைச் சோதனையால் ஆராய்ந்தார். 2001ஆம் ஆண்டில் இரண்டு மோட்டார் வண்டிகளின் தீயை அவர் ஒப்பிட்டார். ஒன்றில் ஐதரசன் தொட்டியின் அமுக்கந் தணிக்கும் வால்வு வழியே வாயு வெளியேறியது. மற்றையதில் பெற்றோற் குழாயில் ஓர் அங்குலத்தின் பதினாறிலொரு பங்கு துளை. ஐதரசன் சுவாலை தூண்போல் நிமிர்ந்து எழுந்து, இரு நிமிடங்களுக்குள் அடங்கியது. அவ்வண்டியின் பின்புறக் கண்ணாடியிற்கூட வெப்பநிலை 47 பாகை செல்சியசுக்கு மேற் செல்லவில்லை. பெற்றோல் வண்டியோ, வெளிப்பட்ட சக்தி அதனிற் பாதிக்கும் குறைவாயிருந்தும், உள்ளும் புறமும் எரிந்து பாழாயிற்று. கீழே சிந்திய எண்ணெய் வண்டியின் அடியிலேயே நின்று எரிந்ததே காரணம்.

இவ்விரு வண்டிகளின் படங்கள் பெரும்புகழ் பெற்றன. ஐதரசனை ஆதரிப்போர் அவற்றைத் தம் கொடியாகவே ஏந்தினர். அங்கேதான் சற்று நிதானம் வேண்டும். அச்சோதனை திறந்த வெளியில், வாயு மேனோக்கிப் போகத் தடையில்லாத நிலையில் நடந்தது. அதே வண்டி கூரையுள்ள கொட்டகையில் நின்றால் என்னாகும்? சிறு கசிவும் பல மணிநேரத்திற் கூரையடியிற் சேர்ந்து, ஒரு மின்பொறிக்காகக் காத்திருக்கும்.

சுவெயினின் மற்றைய ஆராய்ச்சி இந்த வினாவையே பற்றியது. படங்களைப்போல் அது பேசப்படவில்லையாயினும், அதுவே கூடிய மதிப்புடையது எனலாம். கட்டடத்துள் ஐதரசனைக் கசியவிட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஆதலின் அவர் ஈலியத்தைக் கசியவிட்டார். ஈலியம் எரியாது, ஆனால் அதன் மேலெழும் விசை ஐதரசனின் விசையில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேலுண்டு. அறையின் பல இடங்களில் ஈலியத்தின் செறிவை அளந்து, அவ்வளவுகளோடு பொருந்தும்வரை கணினிக் கணிப்பைத் திருத்தி, பின் அதே கணிப்பில் ஐதரசனின் இயல்பைப் புகுத்தி, எங்கே எவ்வளவு நேரம் தீப்பற்றும் கலவை நிற்கும் என்று கண்டார். கூரையருகே ஒரு திறப்பும் தரையருகே ஒரு திறப்பும் அமைந்தால், வாயு மேலே வெளியேறக் கீழே புதுக்காற்றுப் புகும். திறப்பு எங்கே அமைகிறது என்பதும் அதன் பரப்பளவைப்போலவே முக்கியம்.

எனினும் கட்டடம் அமைப்பவரோடு ஆபத்து நின்றுவிடுவதில்லை. 2019ஆம் ஆண்டு மே மாதம் தென் கொரியாவின் கங்நொங் நகரில், ஐதரசன் தொட்டியுள் ஒட்சிசன் கலந்து வெடித்ததில் இருவர் இறந்தனர். அடுத்த மாதம் நோர்வேயில், ஒஸ்லோவுக்கு அண்மையிலுள்ள எரிபொருள் நிலையமொன்று வெடித்தது. அருகே சென்ற வண்டியொன்றின் காற்றுப்பைகள் அதிர்ச்சியால் விரிந்து இருவர் சிறுகாயமடைந்தனர். விசாரித்தபோது, உயரமுக்கத் தொட்டி ஒன்றின் அடைப்பைப் பூட்டும் திருகாணிகள் உரியவாறு முடுக்கப்படாதிருந்தமை தெரியவந்தது.