பாவு இல்லாத நாளுக்கும் கூலி: கணினித் துறையில் ஒப்பந்த ஊதியம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரைக்குப் பிறகு நடந்த கேள்வி பதிலில் ஒரு பகுதியும் இறுதியில் உள்ளது.)



“கணினித் துறையில் காண்ட்ராக்ட் வேலைக்கு இப்போது என்ன ரேட் போகிறது? பல வீடுகளில் கேட்கிறார்கள், வந்து சொல்லுங்கள்” என்று செயலாளர் கேட்டார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. நிரந்தர வேலையில் இருப்பவரை, “காண்ட்ராக்டுக்கு வாருங்கள், கையில் கூடுதலாக வரும்” என்று அழைக்கிறார்கள். கல்லூரி முடித்த பிள்ளைக்கு முதல் வேலையே ஏஜென்சி பெயரில் வருகிறது. அந்தத் தொகையை நம்பித்தான் வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் திட்டமிடப்படுகின்றன.

எல்லாருக்கும் பொருந்தும் ரேட் என்று ஒன்று கிடையாது. தெரிந்த தொழில்நுட்பம், அனுபவம், வேலையின் கால அளவு, நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். ஆனால் ஒருவர் சொல்லும் ரேட் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட வழி இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் ஆரணிப் பக்கம் படவேட்டைச் சேர்ந்தவன். ரேணுகாம்பாள் கோயில் என்றால் ஆடி வெள்ளிக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் பட்டு நெசவில் கூலி நெசவு என்று ஒரு முறை உண்டு. முதலாளி பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் கொடுப்பார். நெசவாளி தன் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்தால் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைக்கும் நாளுக்குத் தனிக் கூலி இல்லை. வீட்டுப் பெண்கள் தார் சுற்றுவதற்குத் தனிக் கூலி இல்லை. அடைமழையில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் தறி ஓடாது. விற்பனை மந்தமானால் முதலாளி அடுத்த பாவைத் தாமதமாகத்தான் தருவார். அந்த நாட்களிலும் அடுப்பு எரிந்தாக வேண்டும். அதனால் விவரம் தெரிந்த நெசவாளி புடவைக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்க மாட்டார். வருஷத்துக்கு எத்தனை புடவை இறங்கும் என்று பார்த்துத்தான் கூலி பேசுவார்.

கணினித் துறை ஒப்பந்தமும் இதே மாதிரிதான். இங்கே பாவு இல்லாத நாளுக்கு ‘பெஞ்ச்’ என்று பெயர். அந்த நாளின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் ரேட்டின் அடிப்படை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒருவர் நிரந்தர வேலையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் சிடிசியில் இருக்கிறார். நிறுவனம் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் இதற்குள் அடக்கம். அவருக்கு மாதம் 1,20,000 ரூபாய்க்குக் காண்ட்ராக்ட் வருகிறது. ஆண்டுக்கு 14,40,000. இருபது சதவீதம் உயர்வு என்று தோன்றும்.

ஆண்டின் 365 நாட்களில் சனி, ஞாயிறு 104 போனால் 261 வேலை நாட்கள். நிரந்தர ஊழியருக்கு இந்த 261 நாளுக்கும் சம்பளம் உண்டு. பண்டிகை விடுமுறையும் எடுத்த விடுப்பும் அதில் சேர்த்தி. காண்ட்ராக்டில் பெரும்பாலும் வேலை செய்த நாளுக்குத்தான் பணம். பண்டிகைக்கு 10 நாள், உடம்புக்கும் குடும்ப விசேஷங்களுக்கும் 18 நாள் கழித்தால் 233. ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்க ஒன்றரை மாதம், அதாவது 33 வேலை நாள் என்று வையுங்கள். மீதி 200 நாள்.

மாதம் 1,20,000 என்பது நாளுக்கு ஏறத்தாழ 5,517 ரூபாய். 200 நாளுக்கு 11 லட்சத்து 3 ஆயிரம். குடும்ப மருத்துவக் காப்பீடு, மடிக்கணினி, இணையம், ஆடிட்டர் எல்லாம் இனி உங்கள் செலவு. ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று வைத்தால் மிஞ்சுவது 10 லட்சத்து 3 ஆயிரம். இருபது சதவீத உயர்வு என்று நினைத்தது, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ரூபாய் இறக்கம்.

பழைய நிலைக்குச் சமமாக வர எவ்வளவு வேண்டும்? 12 லட்சத்தோடு ஒரு லட்சம் செலவைக் கூட்டி 200-ஆல் வகுத்தால் நாளுக்கு 6,500 ரூபாய். மணிக்கு ஏறத்தாழ 813. முழு மாதம் வேலை இருந்தால் 1,41,000. அதாவது நிரந்தரச் சம்பளத்தைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தால்தான் நஷ்டமில்லை. லாபம் அதற்கு மேல்தான். நான் போட்ட 18 நாள், 33 நாள், ஒரு லட்சம் எல்லாம் உதாரணம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். வகுக்கும் எண் மட்டும் 261 ஆக இருக்கக் கூடாது.

அடுத்து, நடுவில் இருப்பவர்கள். இதற்கு நம் சங்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. செக்யூரிட்டி ஏஜென்சி மாதாமாதம் தரும் பில்லைப் பொருளாளர் பார்த்திருப்பார். காவலாளியின் சம்பளம், அதன் மேல் பிஎஃப்புக்காக முதலாளி பங்கும் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து 13 சதவீதம், இஎஸ்ஐ 3.25 சதவீதம், வார விடுமுறைக்கு மாற்று ஆள், ஏஜென்சியின் சேவைக் கட்டணம், கடைசியில் 18 சதவீத ஜிஎஸ்டி. நாம் கொடுப்பது எவ்வளவு, காவலாளி கைக்குப் போவது எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும்.

கணினி ஒப்பந்தத்திலும் இதே வரிகள் உண்டு. ஆனால் வேலை செய்கிறவருக்கு அந்த பில்லைக் காட்டுவதில்லை. வாடிக்கையாளர் நிறுவனம் மணிக்கு 1,000 ரூபாய் தருகிறது என்று வையுங்கள். முதல் வெண்டர் 150 எடுத்துக்கொண்டு இரண்டாவது வெண்டருக்கு 850 தருகிறார். அவர் 150 எடுத்துக்கொண்டு உங்களுக்கு 700 தருகிறார். உங்கள் வேலை, திறமை எதுவும் மாறவில்லை. நடுவில் ஒருவர் கூடினால் ரேட் குறைகிறது. அதனால், “நீங்கள் நேரடி வெண்டரா, உங்களுக்கு மேலே இன்னொருவர் இருக்கிறாரா?” என்று முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேளுங்கள். பில் ரேட்டைச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வார்கள்.

வெண்டர் பங்கு எடுப்பதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. பெஞ்ச் நாளுக்கும் சம்பளம் கொடுத்தால் அந்தப் பங்குக்கு நியாயம் இருக்கிறது. பெஞ்ச் நாளையும் உங்கள் தலையில் கட்டிவிட்டுப் பங்கும் எடுத்தால்தான் கேள்வி வருகிறது. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் போன நம் ஆட்களை, ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை சம்பளமில்லாமல் உட்காரவைக்கும் வழக்கம் தொண்ணூறுகளில் இருந்தது. 1998-இல் வந்த சட்டம், வேலை கொடுக்க முடியாத நாளுக்கும் முதலாளி சம்பளம் தர வேண்டும் என்று சொன்னது. இன்னொரு வழக்கும் உண்டு. தற்காலிகம் என்ற பெயரில் பல ஆண்டுகள் வேலை வாங்கி, ஊழியர்களுக்கு உண்டான சலுகைகளைத் தரவில்லை என்று மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கில், 2000-ஆம் ஆண்டு அந்த நிறுவனம் 9 கோடியே 70 லட்சம் டாலர் தருவதாகச் சமரசம் செய்துகொண்டது. வாங்கும் ரேட்டுக்கும் விட்டுக்கொடுக்கும் சலுகைக்கும் உள்ள கணக்கு நீதிமன்றம்வரை போயிருக்கிறது.

நம் நாட்டிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஊழியராக வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. முன்பு ஐந்தாண்டு வேண்டும். ஆனால் இன்வாய்ஸ் கொடுத்துப் பணம் வாங்கும் ஆலோசகருக்கு இது கிடையாது. “நான் சம்பளப் பட்டியலில் இருக்கிறேனா, இன்வாய்ஸில் இருக்கிறேனா?” என்பது அதனால்தான் இரண்டாவது கேள்வி.

டாலர் வேலையைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். நம் ஊர் பெரிய சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்குப் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் அளவில்தான் சம்பளம். மணிக்கு 168 ரூபாய். அமெரிக்க அரசின் 2024 மே மாதக் கணக்குப்படி அங்கே மென்பொருள் உருவாக்குநரின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 1,33,080 டாலர். பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ். மணிக்கு 64 டாலர். அதுவும் காப்பீடு, விடுப்புச் சலுகைகளைச் சேர்க்காமல். வெளிநாட்டுக்காரர் 20 டாலர் என்று சொல்லும்போது அது நமக்குப் பெரிதாகத் தெரியும். அவருக்கு அது எவ்வளவு மலிவு என்பதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டு நிறுவனம் பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். அது நஷ்டமல்ல, ரிட்டர்ன் போடும்போது கணக்கில் வரும். தொழில்முறை வல்லுநர்களுக்கு 2016-17 முதல் ஒரு வசதி இருக்கிறது. 44ஏடிஏ என்று பழைய சட்டத்தில் பெயர். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 75 லட்சம் வரை. இந்த வசதியால் காண்ட்ராக்டில் வரி குறையலாம். ஆனால் 12 லட்ச ரூபாய் ஊழியருக்கும் இப்போதைய புதிய முறையில் வரி இல்லை என்பதால், அந்த நிலையில் இருப்பவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை. வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வாங்கும் 18 சதவீதம் அரசின் பணம், செலவு செய்துவிடாதீர்கள்.

கடைசியாக, பணம் எப்போது வரும்? மணிக்கு 900 ரூபாய் பேசி, மூன்று மாதம் கழித்துத் தந்தால் அந்த மூன்று மாதமும் நீங்கள் அவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறீர்கள். தனி ஆளாகத் தொழில் செய்பவரும் உத்யம் தளத்தில் கட்டணமில்லாமல் பதிவு செய்யலாம். அப்படிப் பதிந்த சிறு சேவையாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவை வேலை ஆரம்பிக்கும் முன்பே செய்துவிட்டு, எண்ணை இன்வாய்ஸில் போடுங்கள்.

ஆகவே, ரேட் சொன்னதும் ஒப்புக்கொள்ளாமல் ஐந்து கேள்வி கேளுங்கள். நடுவில் எத்தனை பேர்? சம்பளமா, இன்வாய்ஸா? விடுமுறைக்கும் பெஞ்சுக்கும் பணம் உண்டா? எத்தனை நாளில் பணம் வரும்? நிறுத்துவதென்றால் இரு தரப்புக்கும் ஒரே நோட்டீஸ் காலமா? பதில்களை எழுத்தில் வாங்கி, 200 நாள் கணக்கில் போட்டுப் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள். நெசவாளி ஒரு புடவைக் கூலியை வைத்து வருஷத்தை ஓட்ட முடியாது. நம் பிள்ளைகளும் ஒரு மாத ரேட்டை வைத்து இருபது வருட வீட்டுக் கடனை எடுக்கக் கூடாது.

கேள்வி – பதில்

கேள்வி: காண்ட்ராக்டில் இருந்தால் வீட்டுக் கடன் கிடைக்காதா?

பதில்: கிடைக்கும். ஏஜென்சி சம்பளப் பட்டியலில் இருந்தால் சம்பளச் சீட்டைப் பார்ப்பார்கள். இன்வாய்ஸ் என்றால் சுயதொழில் கணக்கில்தான் வருவீர்கள், இரண்டு மூன்று ஆண்டு ரிட்டர்ன் கேட்பார்கள். 44ஏடிஏ முறையில் பாதி வருமானம் காட்டியிருந்தால் கடன் தகுதியும் அதற்கேற்பக் குறையலாம். கடன் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் முடிந்தபின் ஓராண்டு வேறெங்கும் இதே வேலைக்குப் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை பொதுவாகச் செல்லாது. வாடிக்கையாளரின் ரகசியங்களைக் காக்க வேண்டும் என்பது வேறு, அது செல்லும். முடிந்தால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள், எடுத்துவிடுவதும் உண்டு.

கேள்வி: பிஎஃப் இல்லாமல் வயதான காலத்துக்கு என்ன செய்வது?

பதில்: ஒவ்வொரு இன்வாய்ஸ் பணம் வந்ததும் ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். பிபிஎஃப்பில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம், தேசிய ஓய்வூதியத் திட்டமும் இருக்கிறது. நான் சொன்ன 6,500 ரூபாயில் இந்தச் சேமிப்புக்கும் இடம் இருக்கிறது. அதைக் குறைத்து ஒப்புக்கொண்டால் முதலில் காணாமல் போவது இந்தப் பணம்தான்.