நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் மகளிர் நடைக்குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



எங்களைப் பேசச் சொன்னபோது ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். எங்களில் யாரும் டாக்டர் இல்லை. உடற்பயிற்சி டீச்சரும் இல்லை. ஃபஜ்ரு தொழுதுவிட்டு நடக்கப் போகிற பதினோரு பெண்கள், அவ்வளவுதான். ஆனால் வீட்டு வாசலைத் தாண்ட நாங்கள் எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டோம் என்று சொல்ல எங்களைவிடத் தகுதியானவர்கள் இந்த ஊரில் இல்லை.

எங்களில் ஒரு ராத்தாவின் கதையை முதலில் சொல்கிறோம். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். இதோ, இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறார். அவருக்கு ஒன்பது வருஷமாகச் சுகர். ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் மாத்திரைச் சீட்டின் அடியில் "தினமும் அரை மணி நேரம் நடக்கவும்" என்று எழுதுவார். இவரும் தலையாட்டிவிட்டு வருவார். ரோட்டில் நடக்கக் கூச்சம். சரி, மொட்டை மாடியில் நடப்போம் என்று தொடங்கினார். நாலாம் நாள் பக்கத்து மாடியிலிருந்து ஒரு குரல்: "என்ன ராத்தா, வடகம் காயப் போட்டிருக்கியளா? அங்கிட்டும் இங்கிட்டும் போறியளே!" கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றோடு மாடி நடை நின்றது. போன வருஷம் காலில் ஒரு புண். கால் மரத்துப் போயிருந்ததால் புண் வந்ததே தெரியவில்லை. முடிவில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. நாங்கள் பார்க்கப் போனபோது கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஒரு வடகக் கேள்விக்குப் பயந்து உக்காந்துட்டேன் பாருங்க."

நடந்திருந்தால் விரல் கட்டாயம் தப்பியிருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. மருந்து, சாப்பாடு, தினமும் பாதத்தைப் பார்ப்பது எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும், நமக்கும் இப்படி ஒரு வடகக் கேள்வி இருக்கிறது என்று நினைத்தோம். எங்கள் நடை அங்கே தொடங்கியதுதான்.

இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. நம் தெருக்களில் அதைக் கணக்கெடுக்கத் தேவையில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் நெய்ச்சோற்றுக்கு முன்னால் எத்தனை பேர் மாத்திரையை வாயில் போடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

எதற்குக் கூச்சப்பட்டோம்? உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். உடம்பு பருமன் என்றார் ஒருவர். புர்காவுக்குக் கீழே கான்வாஸ் ஷூ தெரிந்தால் சிரிப்பார்கள் என்றார் இன்னொருவர். பேரன் பேத்தி எடுத்த வயதில் இது என்ன வேலை என்பார்கள் என்றார் மூன்றாமவர். ஹயாவுக்கு இது பொருந்துமா என்று எங்களில் இளையவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இதே புர்காவோடுதான் ரேஷன் கடையில் நிற்கிறோம், மீன் வாங்குகிறோம், கல்யாண வீட்டுக்குப் போகிறோம். அப்போதெல்லாம் வராத கூச்சம், கையில் பை இல்லாமல் நடக்கும்போது மட்டும் வருகிறதே, அது எப்படி? ஹயா நம்மைக் காப்பது. இது நம்மை முடக்கிப் போடுவது. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டது எங்கள் தவறு.

பை விஷயத்தைச் சும்மா சொல்லவில்லை. முதல் வாரம் எங்களில் ஒருவர் பால் கூடையைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தார். கேட்டால் பால் வாங்கப் போவதாகச் சொல்லலாமே! மூன்று சுற்றுப் பால் வாங்கப் போன ஒரே ஆள் அவர்தான்.

அமெரிக்காவில் தாமஸ் கிலோவிச் என்ற மனவியல் பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். 2000ஆம் ஆண்டில் அது வெளியானது. மாணவர்களுக்கு வெட்கம் தரக்கூடிய ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால் பங்குகூட இல்லை. எங்கள் அனுபவமும் ஏறக்குறைய இதுதான். முதல் வாரம் டீக்கடைப் பக்கம் தலைகள் திரும்பியது உண்மை. மூன்றாம் வாரம் யாரும் திரும்பவில்லை. எங்களில் சிலருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாமே நம் மனப்பிரமை இல்லை. பைக்கில் வந்த இரண்டு பையன்கள் வேகத்தைக் குறைத்து, ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் வந்தார்கள். "நாங்கள்தானே வெளியே வந்தோம்" என்று தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்பியிருந்தால் நடை அன்றோடு முடிந்திருக்கும். அவர்களில் ஒருவனின் உம்மாவை எங்களுக்குத் தெரியும். நேரே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, டீ குடித்து, பக்குவமாகச் சொன்னோம். அந்த உம்மா இப்போது எங்களோடு நடக்கிறார். எல்லாத் தொல்லையும் இப்படி முடியாது. அதனால் தனியாகப் போகாதீர்கள், குறைந்தது மூன்று பேராகப் போங்கள்.

உம்ராவுக்குப் போய் வந்த ஒரு மாமி எங்களிடம் சொன்னதை நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் நடுவே ஒரு முறை கடந்தால் ஏறக்குறைய 450 மீட்டர். ஏழு முறை என்றால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். பச்சை விளக்குகளுக்கு இடையே ஆண்கள், தொப்பை உள்ளவர் இல்லாதவர் எல்லோரும், ஆயிரக்கணக்கானோர் பார்க்க ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. அந்த ஓட்டத்துக்குத் தொடக்கம் யார்? பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஓடிய ஒரு தாய், அன்னை ஹாஜரா. "அங்கே வராத கூச்சம் நம்ம தெருவுல வருது, பாரேன்!" என்றார் மாமி. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. முதலில் அன்னை முந்தினார்கள். பின்னொரு நாள், உடம்பு பருத்த பிறகு, நபியவர்கள் முந்தினார்கள். தம் உடம்பு பருத்ததை அன்னையவர்களே சொல்லியிருப்பதுதான் எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இனி கொஞ்சம் நடைமுறை. கறுப்புப் புர்காவோடு விடியுமுன் ரோட்டில் நடந்தால் லாரிக்காரர் கண்ணுக்கு நாம் தெரியவே மாட்டோம். இது எங்களுக்கு ஒரு நாள் பயந்து நடுங்கிய பிறகுதான் புரிந்தது. வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். மேலே வெளிர் நிறத்தில் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொள்ளுங்கள். நடைமேடை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். நடைக்கென்று ஒரு புர்காவைக் கணுக்காலோடு நிற்கிற மாதிரி தையல்காரரிடம் சுருக்கிக்கொண்டோம். அதற்கு முன் தடுக்கி விழுந்தவர் இரண்டு பேர். ஷூவைப் பார்த்து யார் சிரித்தாலும் சரி, சுகர் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் கையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பேச்சுக்கு எங்கள் குழுவில் குறைவே இல்லை. ஒரேயடியாக நடக்க வேண்டும் என்பதும் இல்லை. நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டாம் வகைச் சுகர் உள்ளவர்கள் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிஷம் நடந்தார்கள். ஏதோ ஒரு நேரத்தில் மொத்தமாக அரை மணி நடந்ததைவிட, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை அதில் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பலன் அதிகம். இத்தாவில் இருப்பவர்கள், கைப்பிள்ளைக்காரர்கள், இன்னும் வாசல் தாண்ட மனம் வராதவர்கள் முற்றத்திலேயே இதைச் செய்யலாம். யாராவது வடகம் பற்றிக் கேட்டால், "ஆமா, நாந்தான் வடகம்" என்று சொல்லிவிடுங்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சகோதரர்களிடம் ஒரு பேச்சு. உங்களுக்கும் கூச்சம் இருக்கிறது, எங்களுக்குத் தெரியும். அரபு நாட்டிலிருந்து தொப்பையோடு திரும்பி வந்து, "நாளையிலிருந்து" என்று சொல்லியே மூன்று வருஷம் போக்கியவர் எங்கள் வீடுகளிலும் உண்டு. உங்கள் நடையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். காலையில் அந்த நாற்பது நிமிஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, டீயை நீங்களே போட்டுக் குடியுங்கள். எங்களில் மூன்று பேர் நடையை விட்டது ஊர்ப் பேச்சுக்காக அல்ல. திரும்பி வரும்போது வீட்டில் முகம் தூக்கியிருந்ததற்காக.

நாங்கள் ஃபஜ்ரு ஜமாஅத் முடிந்து அரை மணி நேரத்தில் பள்ளிக்கூட மைதானத்துக் கதவருகே கூடுகிறோம். வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது. ராத்தா கடைசியில், மெதுவாகத்தான் வருவார். புதிதாக வருகிறவர்கள் அவரோடு நடக்கலாம். பால் கூடையோடு வந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம்.