பன்னிரண்டாம் வகுப்பிற்கும் கல்லூரி வாசலுக்கும் இடையே

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதரஸாவில் ஓதி வந்த ஓர் ஆலிமுக்குக் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது எனச் சிலர் எண்ணக்கூடும். ஆண்டுதோறும் மே மாதத்தில் பெற்றோர்கள் என்னிடம் வந்து கேட்கும் கேள்வியே என்னைப் பேசத் தூண்டுகிறது. "ஹஜ்ரத், பையன் பிளஸ் டூ பாஸாகிவிட்டான். கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். அனுப்பட்டுமா, படிக்க வைக்கட்டுமா?" என்பதே அக்கேள்வி.

ஹலாலான உழைப்பு எதுவும் இழிவானதன்று. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்தது முதல் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் எங்கும் ஆலைகள் எழுந்தன. நம் வீடுகளில் பலவற்றில் அடுப்பு எரிவது அந்த ஊதியத்தால்தான். எனினும் ஒரு பாடத்தை நாம் மறக்கலாகாது. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாளோடு நின்றது. இளம்வயதில் அங்குச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவ்வேளையில் பட்டமோ பட்டயமோ உள்ளவருக்கு வேறொரு வாசல் இருந்தது. பிளஸ் டூ சான்றிதழ் மட்டும் உள்ளவரோ மீண்டும் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. ஆலை இடம் பெயரலாம், மூடப்படலாம். கற்ற கல்வி கற்றவருடனேயே செல்லும்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுமைக்கும் 28.4 சதவீதம், தமிழகத்தில் 47 சதவீதம். இது பெருமைக்குரியதே. ஆயினும் அந்த 47-இல் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது.

சகோதரர்களே! வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு உள்ளது. தொழிற்கல்வியில் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உள்ளது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவத்தில் 2020-இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021-இலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம், 2022-இல் மாணவியரின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது. மாணவர்களுக்காகத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. தாலித் தங்கத்திற்குச் சென்ற பணம் பெண்ணின் படிப்பிற்குத் திரும்பியதில் நமக்கும் ஒரு படிப்பினை உண்டு.

பின்னர்த் தடை எங்கே? மதிப்பெண்ணில் மட்டுமன்று, தாள்களில் இருக்கிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேர்வு முடிவு வந்தபின் தேடி ஓடினால், இ-சேவை மையத்தின் வரிசையிலேயே விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துவிடும். பொறியியல் கலந்தாய்வு இப்போது இணையவழியில் நடைபெறுகிறது. கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் மாணவரே வரிசைப்படுத்தித் தர வேண்டும். நான்கைந்தை மட்டும் எழுதி நிறுத்துபவர், தம் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல இடத்தையும் இழக்கக்கூடும். பிரவுசிங் சென்டர்காரர் தம் கைபேசி எண்ணைப் பதிந்துவிட்டால், வரும் செய்தி மாணவருக்குத் தெரியாமலே போகும்.

ஆகவே பள்ளிக்கூடங்களிடம் நாம் பணிவுடன் வேண்டுவன ஐந்து.

முதலாவது, பத்தாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்து, பதினோராம் வகுப்பின் எந்தப் பிரிவு எந்தப் படிப்பிற்கு வழிவிடும் என விளக்க வேண்டும். பொறியியல் தரவரிசை மதிப்பெண் 200-இல் கணிதத்திற்கு மட்டும் 100. இதை அறியாமல் கணிதத்தைக் கைவிட்ட பிள்ளைக்குப் பின்னாளில் வருந்தவே நேரும்.

இரண்டாவது, அக்கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ நடத்த வேண்டும். ஷிப்ட் முறையில் உழைக்கும் தந்தை காலைப் பதினொரு மணிக்கு எங்ஙனம் வருவார்?

மூன்றாவது, சான்றிதழ்களைப் பதினோராம் வகுப்பிலேயே சரிபார்த்து, இல்லாதவற்றிற்கு விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும்.

நான்காவது, தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தைத் திறந்து, ஆசிரியர் அருகிருக்க மாணவர் தம் கையாலேயே விண்ணப்பிக்க வழிசெய்ய வேண்டும். பொறியியல் மட்டுமின்றி, அரசு கலை அறிவியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆகியவற்றிற்கும் இவ்வுதவி வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளை கல்லூரியில் கால் வைக்கும் வரை பெயர்ப் பட்டியலை மூடலாகாது. யார் சேர்ந்தார், யார் சேரவில்லை, ஏன் சேரவில்லை எனத் தொலைபேசியில் கேட்க வேண்டும். அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக் கனவு என்னும் வழிகாட்டுதலும், சேராமல் நின்றவர்களைத் தேடிச் சேர்க்கும் உயர்வுக்குப் படி முகாம்களும் தொடங்கப்பட்டது இதற்காகவே. அச்செய்தி வீடுவரை வந்து சேர வேண்டும்.

பள்ளியை நோக்கிக் கைநீட்டும் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெற்ற நம் பெற்றோர் கூட்டத்திற்குத் தவறாது செல்லட்டும். நம் மஹல்லாவில் பட்டம் பெற்று ஆலைகளில் பணிபுரியும் இளைஞர்கள் கலந்தாய்வுக் காலத்தில் ஆளுக்கு இரு பிள்ளைகளைப் பொறுப்பேற்கட்டும். பைத்துல்மாலிலிருந்து முதல் தவணைக் கட்டணத்திற்கு வட்டியில்லாக் கடனாகக் கர்ளே ஹஸனா வழங்க நிர்வாகம் ஆவன செய்யட்டும். உதவித்தொகை பின்னர் வரும். கல்லூரி முதல் கட்டணத்தை முன்னரே கேட்கும். அந்தச் சில வாரங்களில்தான் பல பிள்ளைகள் கம்பெனிப் பேருந்தில் ஏறிவிடுகின்றனர்.

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுத்தறிந்தோர், மதீனாவின் சிறுவர்க்கு எழுதப் படிக்கக் கற்பித்தால் அதுவே அவர்தம் விடுதலைக்கு ஈடாக ஏற்கப்பட்டது என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. வறுமை சூழ்ந்த நாளிலும் பொருளைவிடக் கல்வி மேலாக மதிக்கப்பட்டது. நம் நிலை அத்துணை வறியதன்று.

"அனுப்பட்டுமா, படிக்க வைக்கட்டுமா?" எனக் கேட்கும் பெற்றோருக்கு என் பதில் இதுதான்: ஆலை அடுத்த ஆண்டும் ஆள் எடுக்கும். கல்லூரியின் இந்த ஆண்டு இடமும், பிள்ளையின் பதினெட்டு வயதும் காத்திரா. முதலில் விண்ணப்பியுங்கள், இடம் கிடைத்த பின் அமர்ந்து பேசுவோம். பெண்பிள்ளைக்கும் இதுவே பதில்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அதற்குத் துணைநிற்கும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.