கதிர்ப் பண்டுவமும் மருத்துவ மாணாக்கரும்

 

மருத்துவக் கல்லூரி மாணாக்கர் பொது மருத்துவப் பிரிவிலும் அறுவைப் பிரிவிலும் மகப்பேற்றுப் பிரிவிலும் திங்கள் கணக்கில் நின்று பயில்கின்றனர். கதிர்ப் பண்டுவப் பிரிவின் கதவை அவர்கள் திறக்கும் நாள்களோ மிகச் சில. அவையும் பலவிடத்து வருகைப் பதிவோடு முடிந்துவிடுகின்றன. தேர்வில் வினா வாராத பகுதியை யார்தாம் படிப்பர்? ஆனால், புற்றுநோயருள் ஏறத்தாழச் சரிபாதியினர்க்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர்ப் பண்டுவம் தேவைப்படுகின்றது. அவர்களை முதலில் காண்பவர் கதிர்ப் பண்டுவ வல்லுநர் அல்லர். சிற்றூர் மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் பொது மருத்துவரே. இன்றைய மாணாக்கரே நாளை அவ்விருக்கைக்கு உரியவர்.

அவர் இத்துறையை அறியாவிடில் விளைவது யாது? மார்பகப் புற்றுநோய்க்கு முன்னர்ப் பண்டுவம் பெற்ற ஒரு பெண், முதுகுவலி என்று வருகின்றார். வலிமாத்திரையும் பூச்சுக் களிம்பும் தந்து அனுப்பிவிடுவது எளிது. நோய் முதுகெலும்பில் பரவித் தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கியிருக்குமாயின், சில நாள்களில் கால் தளரும்; பின்னர்ச் சிறுநீர் கட்டுப்படாது. நடக்கும் நிலையிலேயே கதிர்ப் பண்டுவம் தொடங்கப் பெற்றோருள் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கின்றனர். கால் முற்றும் விழுந்தபின் கொணரப்பட்டோருள் மீண்டு நடப்பவர் சிலரே. இங்கு நாள்களை அன்று, மணிகளை எண்ண வேண்டும். இவ்வொன்றை மட்டுமே கற்றுச் சென்றாலும் அம்மாணாக்கரின் பயிற்சி வீணன்று.

கதிர்ப் பண்டுவம் கைவிடப்பட்டார்க்குரிய கடைசி வழி என்னும் எண்ணமும் மாணாக்கரிடையே உண்டு. இது பிழை. குரல்வளையில் தொடக்கநிலைப் புற்று வந்தார் பலர், கதிராலேயே குணமடைந்து குரலையும் இழவாதிருக்கின்றனர். எலும்பிற் பரவிய நோயின் வலியைத் தணிக்க, 8 கிரே அளவை ஒரே முறை செலுத்துவதே பலர்க்குப் போதும்.

ஏனையோர்க்கு ஏன் ஆறேழு கிழமை? இக்கேள்விக்கு விடை தெரியாத மாணாக்கர் நோயாளர்க்கு எதைச் சொல்வார்? உரோண்ட்கன் 1895-இல் ஊடுகதிரைக் கண்டார். கியூரி இணையர் 1898-இல் இரேடியத்தைக் கண்டனர். தொடக்கத்தில் பேரளவுக் கதிரை ஒரே முறையிற் செலுத்தித் தோலும் தசையும் வெந்து துன்புற்றோர் பலர். பின்னர்ப் பாரிசில் கிளாடியசு இரெகோ என்பாரும் அவர் குழுவினரும் ஆட்டுக்கடாக்களின் விரைகளில் ஆய்ந்தனர். ஒரே முறை செலுத்தியபோது கடா மலடாகுமுன் தோல் கெட்டது, பல நாளாகப் பகுத்துச் செலுத்தியபோது தோல் பெரிதும் காக்கப்பட்டது, கடாவோ மலடாயிற்று. ஓயாது பெருகும் விரையணுக்கள் புற்றணுக்களை ஒத்தவை என்று கருதியே இவ்வாய்வு நடந்தது. நலமுள்ள உயிரணு இடைவேளையில் தன் பழுதைச் சீர்செய்துகொள்கின்றது. புற்றணு அத்துணைத் திறத்தோடு செய்வதில்லை. நாளொன்றுக்கு 2 கிரே, கிழமைக்கு ஐந்து நாள் என இன்றும் பரவலாக வழங்கும் முறையின் வேர் இதுவே.

பண்டுவம் இடையே நின்றால், எஞ்சிய புற்றணுக்கள் விரைந்து பெருகும். கருப்பைவாய்ப் புற்றிலும், தலை கழுத்துப் புற்றிலும் நாள்கள் நீளநீள நோய் அடங்கும் வாய்ப்புக் குறைகின்றது. ஆனால், நான்காம் கிழமையில் வாய் புண்ணாகித் தோல் கருக்கும்போதுதான் நோயாளர் 'போதும்' என்று ஊர் திரும்புகின்றார். ஊர் மருத்துவரும் 'நிறுத்திவிடுங்கள்' என்றால் பெற்ற பயனும் கெடும்.

இனி, மொழி. நம் மக்கள் இதனைக் 'கரண்டு வைத்தல்' என்கின்றனர். மின்னதிர்ச்சியோ, உடல் எரியுமோ என்னும் அச்சம் அச்சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு வருகின்றது. வெளியிலிருந்து கதிர் செலுத்தப்பட்ட தாய், தன் குழந்தையைத் தூக்க அஞ்சுகின்றார். அவர் உடலில் கதிர் ஒரு துளியும் தங்குவதில்லை என்று சொல்வார் இல்லை. பாடத்தை ஆங்கிலத்தில் மட்டுமே கற்ற மாணாக்கர் அங்கு வாயடைத்து நிற்கின்றார். எனவே, பண்டுவத்தைத் தூய எளிய தமிழில் ஐந்து மணித்துளியில் விளக்குவதும் தேர்வின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

சென்னை அடையாற்றில் முத்துலக்குமி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் எழுந்தது. புற்றுநோய் மருத்துவத்துக்கான உயர்படிப்பு இந்தியாவிலேயே முதன்முதல் 1984-இல் அங்குத் தொடங்கிற்று. உச்சியில் இத்துணை வளர்ந்தும் அடிப்படிப்பு மெலிந்திருப்பதே வியப்பு.

பயிற்றும் முறைக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு மாணாக்கர்க்கு ஒரு நோயாளர் என்று ஒப்படைத்தல் வேண்டும். முதற்காண்டல், உடலை அசையாது நிறுத்தும் முகமூடி செய்தல், படமெடுத்தல், காக்க வேண்டிய உறுப்புகளையும் தாக்க வேண்டிய கட்டியையும் கோடிட்டுப் பிரித்தல், இயற்பியலர் அளவு கணித்தல், முதல் நாட் செலுத்துகை ஆகிய அனைத்திலும் அவர் உடனிருத்தல் வேண்டும். பொறி இயங்காதபோது அம்மேசை மேல் அவரே சற்றுப் படுத்துப் பார்க்கட்டும். தோலில் இட்ட குறிகளை நோயாளர் தேய்த்துக் குளித்து அழித்துவிடுவதும் உண்டு. அதை நாள்தோறும் பார்க்கட்டும். வெள்ளியன்று வாராதவர் ஏன் வரவில்லை, பேருந்துக்குக் காசில்லையா, வாய்ப்புண்ணா, கதிரறுப்பா என்று திங்களன்று கேட்டறிந்து ஏட்டில் எழுதும் மாணாக்கர்க்கு, அதற்கும் மதிப்பெண் உண்டென்று ஆசிரியர் அறிவிக்கட்டும்.